நீ டிவியில் வேண்டாமென்ற வீடு

இளங்கோ,

அம்மா எழுதுகிறேன். ஆஸ்பத்திரி சமாச்சாரம் ஒன்றும் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பாதிக் கடிதத்திலேயே பதறிப்போய் போனை எடுப்பாய். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பாய். அதுவுமில்லாமல் நான் போனில் பேசினால் உன் அப்பா ஹாலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் காதை இந்தப் பக்கம் வைத்திருப்பார். அவருக்குத் தெரியாமல் உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. உட்கார்ந்து நிதானமாகப் படி. படித்துவிட்டு உன் பெண்டாட்டி ரேவதியிடமும் கொடு.

டிவிக்கும் எனக்கும் ஆகாது என்பது உனக்குத் தெரியும். அதிலும் வீடு, மனை என்று அது வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுப் பார். மண்டையைப் பிளக்கிற வெயிலில், ஒரு பொட்டல் காட்டில், கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு சீரியல் நடிகர் நிற்பார். சுற்றிக் கலர் கலராகக் கொடி, நட்டு ஒரு வாரம்கூட ஆகாத செடி, பின்னால் ஒரு சிமெண்டு வளைவு. "கைக்கெட்டுற தூரத்துல ஸ்கூல், காலேஜ், ஹாஸ்பிட்டல்" என்பார். யாருடைய கைக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. உன் அப்பா இந்த ஜில்லா பூராவும் பஸ் ஓட்டியவர். "அங்க ஏது பஸ்ஸு? வடலூர்ல எறங்கி ஷேர் ஆட்டோக்காரனக் கூப்ட்டா அவன் நம்மள ஒரு மாதிரி பாப்பான்" என்று டிவியைப் பார்த்தே பதில் சொல்வார். அந்த நடிகர் வாழ்நாளில் அந்த மனைக்கு இன்னொரு தடவை வரப் போவதில்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு முன்பணம் கொடுத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சாயங்காலமானால் சீரியல். அதில் வீடு கைமாறுவது இதைவிடச் சுலபம். கழுத்து நிறைய நகை போட்ட வில்லி ஒரு காகிதத்தை நீட்டுவாள், கதாநாயகி படிக்காமலே கையெழுத்துப் போடுவாள், விளம்பரம் முடிந்து வருவதற்குள் குடும்பமே பெட்டியோடு தெருவில் நிற்கும். பத்திர ஆபீஸ் என்று ஒன்று இருப்பதே அந்தக் கதை எழுதுகிறவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. டோக்கன் இல்லை, சாட்சி இல்லை, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது இல்லை, 'சர்வர் வேலை செய்யல, சாப்ட்டுட்டு வாங்க' இல்லை. அயோக்கியத்தனம் செய்யவும் ஆதார் கார்டு வேண்டுமே என்று எந்த வில்லிக்கும் இதுவரை தோன்றியதில்லை. இதையெல்லாம் பார்த்து நான் திட்டும்போது நீ சிரிப்பாய். "பொழுதுபோக்குதானம்மா, விடு" என்பாய். நானும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன், அது நம் வீட்டுக்குள் கேமராவோடு வருகிறவரைக்கும்.

நாங்கள் இந்தத் திருப்பாதிரிப்புலியூர் வீட்டை வாங்கினபோது நீ சின்னப் பையன். எப்படி வாங்கினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. கடலூரில் வீடு பார்க்கப் போகிற எந்தப் பொம்பளையும் முதலில் குழாயைத்தான் திறப்பாள். பக்கத்தில் கடல். ஒரு தெருவில் தண்ணீர் நன்றாக இருக்கும், அடுத்த தெருவில் வாயில் வைக்க முடியாது. வெறும் நாக்கை நம்பினால் ஏமாந்து போவோம். அதனால் நான் பார்த்த வீட்டுத் தண்ணீரையெல்லாம் கேனில் பிடித்துக்கொண்டு வந்து துவரம் பருப்பு வேகப் போட்டேன். மோசமான தண்ணீர் என்றால் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு மசியாமல் முழித்துக்கொண்டு கிடக்கும். பருப்பு வேகாத வீடுகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வீட்டுக்காரர், "என்னாம்மா, வூடு வாங்க வந்தீங்களா, சாம்பார் வெக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன்.

உன் அப்பாவின் வழி வேறு. வெயிலில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான் என்பார். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும், குடையை எடுத்துக்கொண்டு, நாங்கள் பார்த்து வைத்திருந்த வீடுகளையெல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்தார். அவர் வீட்டைப் பார்க்கவில்லை, பக்கத்து வீடுகளின் வாசலைப் பார்த்தார். வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தால் அப்படியே திரும்பிவிடுவார். "விக்கறவன் ஆயிரம் சொல்லுவான். அக்கம்பக்கத்துக்காரன் எதுக்குப் போயி வீணா மூட்ட தூக்குறான்?" என்பார். அப்படித் தெருத் தெருவாக நனைந்து பார்த்துத்தான் இந்த வீட்டை முடிவு செய்தார். பழைய வீடு, ஜன்னல் சின்னது, ஆனால் அடித்தளம் நல்ல உயரம். பிற்பாடு அந்தப் பெருமழை வந்ததே, நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாயே, தெரு முழுக்க இடுப்பளவு தண்ணீர் நின்றதே. நம் வாசலில் மேல் படி நனையவில்லை. எதிர்வீட்டுச் செல்வி கைக்குழந்தையோடு வந்து நம் ஹாலில்தான் படுத்தாள். இன்னும் எத்தனையோ பேர். உன் அப்பா அவர்களுக்கெல்லாம் பாயை விரித்துப் போட்டுவிட்டு சமையல்கட்டில் உட்கார்ந்தபடியே தூங்கினார். தன்னைப் பற்றி வாயைத் திறந்து பெருமை பேசாத மனுஷன். அந்த மழையைப் பற்றி மட்டும் யார் வந்தாலும் சொல்வார்.

இப்போது நீ சிதம்பரத்தில் வாங்கின கதைக்கு வருகிறேன். அது உனக்கே தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் டிவியில் அதைப் பார்த்த பிறகு உனக்கே மறந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்களான அண்ணன் தம்பிகள் விற்கத் தயாராக இருந்தார்கள். அவர்கள் தங்கை தனலட்சுமி, ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக்கொடுத்த பெண், அவள் கையெழுத்தும் வேண்டும் என்று வக்கீல் சொன்னார். அப்பா சொத்து, அவளுக்கும் பங்கு உண்டு. "அதெல்லாம் வந்து போட்ருவா சார்" என்று அண்ணன்காரர்கள் சொன்னார்கள். அவள் வரவில்லை. மாதங்கள் ஓடின. பேங்கில் கொடுத்த கெடு நெருங்கியது. நீ "வேற வீடு பாத்துக்கலாம்பா, முடியல" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். அப்போதுதான் நானும் அப்பாவும் பஸ் ஏறி ஸ்ரீமுஷ்ணம் போனோம்.

அவள் வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் தோல் உரிந்து கறுத்துக் கிடந்தது. எழுந்திருக்கவில்லை. "எங்கப்பா செத்தப்ப அந்த வூட்டுக்குப் போனது. வூட்ட விக்கறோம்னு எங்கண்ணனுங்க ஒரு வார்த்த சொன்னானுங்களா? வக்கீல் நோட்டீஸ் வருது எனக்கு. பொறந்த வூட்டுலேர்ந்து வர்ற சீரப் பாருங்க" என்றாள். உன் அப்பா திண்டாடிப்போவார் என்று நினைத்தேன். அவர் அவளுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். "அவுங்களுக்காக நான் வர்லம்மா. வாங்கறது என் புள்ள. ஒனக்கு மனசில்லாம அவன் அந்த வூட்டுல குடித்தனம் பண்ணக்கூடாது. அதக் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். நீ வேணாம்னா வேணாம், நாங்க கெளம்பறோம்" என்றார். அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எங்கள் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் முந்திரிப் பருப்பு கொண்டுவந்து வைத்தாள்.

அந்த வீட்டை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டாள். அப்பாவே கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு அறையாகப் போய் நின்றாள், கிணற்றடியில் நின்று அண்ணன்களை வாய்க்கு வந்தபடி திட்டினாள், திட்டி முடித்ததும் அவர்கள் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்தாள். பத்திர ஆபீசில் அவள் விரல் ரேகை மெஷினில் விழவே இல்லை. முந்திரி எண்ணெய் பட்டுப் பட்டு ரேகையே அழிந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, இந்த விரல் அந்த விரல் என்று வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் ஏதோ ஒரு விரல் பதிந்தபோது வரிசையில் நின்றவர்களெல்லாம் "விழுந்துடுச்சு, விழுந்துடுச்சு" என்றார்கள். நீ சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். வீடு வாங்குவது என்றால் இதுதான். தையில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம், தனலட்சுமியும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

எல்லாம் முடிந்து மாசியில் வந்தது அந்த டிவி வானரக் கூட்டம். ரேவதியோடு படித்த பெண் ஒருத்தி சேனலில் இருக்கிறாள், ஒரு புதுத் தம்பதி மூன்று வீடு பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி என்றாய். "நீதான் வாங்கியே முடிச்சிட்டியேடா?" என்றேன். "அதாம்மா மூணாவது வீடு" என்றாய். ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டைப் புதிதாகப் பார்ப்பது போல வாயைப் பிளக்க வேண்டுமாம். சரி, வேண்டாம் என்று சொல்வதற்கு இரண்டு வீடு? ஒன்று உன் சிநேகிதனுடையது, விற்கிற எண்ணமே இல்லாதவன். இன்னொன்று நம் வீடு. நீ போனில் கேட்டது இவ்வளவுதான்: "அப்பா, ஒரு காலைப்பொழுது வீடு வேணும்." அவர் "ஒன் வூடுதானப்பா, எடுத்துக்க" என்றார். சொன்னதோடு நிற்காமல் வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் காத்திருந்தார், தன்னையும் ஏதாவது கேட்பார்கள் என்று.

வந்தவர்கள் முதல் காரியமாகக் காலண்டரைக் கழற்றினார்கள். உன் அப்பாவின் மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். நான் மிக்சி போடக்கூடாது என்றார்கள். தொப்பி போட்ட அந்த டைரக்டர் பையன் உன் அப்பாவிடம், "அங்கிள், நீங்க ஃப்ரேம்ல வேணாம். ஓனர் கேரக்டருக்கு ஆளு இருக்கு" என்றான். ஆள் யார்? அவர்கள் வேன் டிரைவர். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம் வீட்டுச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "வாங்க சார், இது மாஸ்டர் பெட்ரூம்" என்று உன்னை உன் அறைக்கே கூட்டிக்கொண்டு போனான். நீயும் "ரேட்டு கொஞ்சம் கொறைப்பீங்களா சார்?" என்று அவனிடம் கேட்டாய். இந்த வீட்டின் கடனைக் கட்டி முடிக்கிறவரை ஒரு லீவு போடாத மனுஷன் அந்நேரம் எதிர் டீக்கடை பெஞ்சில் இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் சமையல்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். அந்தப் பையன் உன்னிடம், "ப்ரோ, ஏதாவது ஒரு குறை சொல்லுங்க, அப்பதான் வேணாம்னு சொல்றது நேச்சுரலா இருக்கும்" என்றான். அவன் வசனம் எதுவும் கொடுக்கவில்லை, ஏதாவது ஒரு குறை என்றுதான் கேட்டான். இந்த வீட்டில் குறைக்கா பஞ்சம்? ஜன்னல் சின்னது. பாத்ரூம் கதவு ஊதிக்கொண்டு சாத்தவே முடியாது. வண்டி நிறுத்த இடமில்லை. எதையாவது சொல்லியிருக்கலாம். நீ சுற்றுமுற்றும் பார்த்தாய். "மழை வந்தா இங்க தண்ணி நிக்கும் போலிருக்கே" என்றாய். அந்தத் தொகுப்பாளினி, "வாவ், ரொம்ப முக்கியமான பாயிண்ட்!" என்று குதித்தாள். என் கையில் இருந்த கரண்டியை அவள் மேல் வீசியிருக்க வேண்டும்.

ஒளிபரப்பான அன்று உன் அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஹால் நிறைய ஆள். மூன்றாவது வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் கண்ணை அகல விரித்து வியந்தீர்கள், அண்ணன்காரரோடு கை குலுக்கினாய், அடுத்த நொடியில் சாவி கைக்கு வந்துவிட்டது. வக்கீல் இல்லை, பேங்க் இல்லை. தனலட்சுமி என்று ஒரு பெண் பிறந்ததாகவே காட்டவில்லை. பால்கூட இன்னொருதடவை காய்ச்சினீர்கள், அது நேரத்துக்குப் பொங்காததால் சோப்பு நுரை கலந்தார்கள் என்று ரேவதியே சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தப் பாலைக் கொட்டினீர்களா, யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இதையெல்லாம் மன்னித்துவிடலாம். அவர்களுக்குத் தெரிந்த புத்தி அவ்வளவுதான். ஆனால் முதல் வீடாக நம் வீடு வந்து, நீ அந்த வரியைச் சொன்னபோது ஹாலில் இருந்தவர்களெல்லாம் எங்கள் பக்கம் திரும்பினார்கள். செல்விதான், "என்னாத்துக்குக்கா தம்பி இப்படிச் சொல்லுது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவள் மகள், அன்றைக்கு நம் ஹாலில் படுத்த குழந்தை, பக்கத்திலேயே நின்றாள். உன் அப்பா, "டிவிக்காகச் சொல்றதும்மா, அவுங்க எழுதிக் குடுப்பாங்க" என்று சிரித்தார். எல்லோரும் போன பிறகு சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

மறுவாரமே ஒரு புரோக்கர் வந்தான். வீடு விற்பனைக்கு என்று டிவியில் பார்த்தானாம். உட்காருவதற்கு முன்பே, "ஒங்க பையனே தண்ணி நிக்கும்னு சொல்லிட்டாரே சார், அதப் பாத்துதான் பேசணும்" என்றான். நானாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். உன் அப்பா அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் போன பிறகு என்னிடம், "பையனுக்கு வேணாம்னா நமக்கப்பறம் இது யாருக்கு? வித்துட்டு சின்னதா வாடகைக்குப் போயிடலாம்" என்றார். டிவிக்காரன் எழுதிக் கொடுத்ததைத்தான் நீ சொல்லியிருப்பாய் என்று நான் சாதித்தேன். அவர், "மெட்ராஸ்லேர்ந்து வந்தவனுக்கு நம்ம தெரு மழையப் பத்தி என்னா தெரியும்?" என்று கேட்டார்.

ஏன் அதைச் சொன்னாய் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். கேமராவைப் பார்த்ததும் வாயில் வந்ததா? இல்லை, அந்த மழையில் ஊர்ச் சனங்களுக்கு நடுவில் நீ பயந்துகொண்டு படுத்திருந்தாயா, எங்கள் பெருமைக்கு நடுவில் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லையா? எதுவாக இருந்தாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்த வீடு உனக்கு வேண்டாம் என்பதைக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வேன் டிரைவரிடம் சொல்லிவிட்டு, அவரிடம் சொல்லாமல் இருக்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேண்டும் என்பதையும் நீ அவரிடம் சொல்லவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வருகிறது. அப்பா சம்மதித்துவிட்டார். என்னை அவர் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது என்பது உங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "புள்ளைக்கே வேணாம்ங்கும்போது நமக்கு எதுக்கு?" என்று கேட்பார். அதற்கு நான் என்ன சொல்லட்டும்? சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேர பஸ். சனிக்கிழமையே வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, வேண்டுமோ வேண்டாமோ, உன் வாயால் சொல்லிவிட்டுப் போ.

அம்மா